கோடாலி விழுந்தபோது சிரித்தவர்கள்

நீங்கள் கண் எரிய உட்கார்ந்து கோத்த ஒரு கொலைக் காட்சியைப் பார்த்து அரங்கமே சிரித்தால், முதலில் காது அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் இயக்குநர் திரும்பி உங்களைப் பார்ப்பார். நீங்கள் அவரைப் பார்க்காமல் கூரையில் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று ஆராய்ச்சி செய்வீர்கள். எடிட்டிங் வேலைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இது ஒரு நாள் நடக்கும். எனக்கு நடந்ததே இல்லை என்று யாராவது பீற்றிக்கொண்டால், அவர் இன்னும் ஒரு படத்தையும் முடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் உங்களில் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். அவள் வெட்டிய காட்சியில் ஒருவனை உயிரோடு எரிக்கிறார்கள், ஜனங்கள் சிரித்துவிட்டார்களாம். "ஏம்மா சிரிக்கிறாங்க? மனுசங்களுக்கு ஈரமே இல்லாம போச்சா?" என்று கேட்டு அழுதாள். நான் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டு சொந்த ஊரான கண்ணமங்கலத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன், பேச ஆள் இல்லை, நேரம் நிறைய இருக்கிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வாயைத் திறந்தால் திட்டுதான் வரும். நான் அவரிடம் சேர்ந்த புதிதில் ஒரு பங்காளிச் சண்டைப் படம். தம்பியை அண்ணன் குத்திக் கொல்கிறான். விநியோகஸ்தர்களுக்குப் போட்டுக் காட்டினோம். குத்து விழுந்ததும் கொல்லென்று சிரித்தார்கள். இயக்குநர் முகம் கழுவப் போகிறேன் என்று எழுந்து போனவர் திரும்பி வரவேயில்லை. என் குரு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். படம் முடிந்ததும் என்னிடம் கேட்டார், "சிரிப்பு குத்துக்கு முன்னாடி வந்துச்சா, பின்னாடி வந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திரையத்தான் தெனமும் பாக்கறியே, அதுல புதுசா இன்னா முளைச்சிருக்கப் போவுது? ஜனத்தப் பாருடி" என்றார். பிறகு, திட்டுக்கு நடுவே, அவர் சொன்ன விஷயம் இது. அடி விழுவதற்கு முன்பே சிரிப்பு வந்தால் நாம் மாட்டிக்கொண்டோம். இதெல்லாம் பொய், இப்போது ரத்தப் பை உடையும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அடி விழுந்த பிறகு சிரிப்பு வந்தால் நாம் ஜெயித்தோம். பயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அது வாய் வழியாக வெளியே வருகிறது. முதல் சிரிப்புக்கு வெட்கப்படு, இரண்டாவது சிரிப்புக்குக் கும்பிடு போடு.

இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு பல வருஷம் பிழைத்தேன். பல இயக்குநர்களின் கையைப் பிடித்து, "தம்பி, பின்னாடிதான் சிரிச்சாங்க, கவலைப்படாதீங்க" என்று தேற்றியிருக்கிறேன். எல்லாம் தெரியும் என்ற தெனாவெட்டும் எனக்கு வந்திருந்தது. அது ஜவ்வாது மலையில் இறங்கியது.

நான் கடைசியாக வேலை செய்த படத்தை அந்த மலையில்தான் எடுத்தார்கள். புளிய மரங்களைக் குத்தகைக்கு விட மறுக்கும் மலைக்காரர்களுக்கும் கீழேயிருந்து வரும் ஒரு வியாபாரிக்கும் நடக்கும் தகராறுதான் கதை. படத்தின் தொடக்கத்திலேயே ஒரு விவசாயி சாமை விதைத்த தன் மேட்டு நிலக் கொல்லையில் குனிந்து நிற்கும்போது பின்னாலிருந்து கோடாலியால் வெட்டப்படுகிறான். அந்த விவசாயியாக நடித்தவர் வேடியப்பன். புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிறிய ஊர்க்காரர். மெலிந்த ஆள், நல்ல சிரித்த முகம். அந்த முகத்துக்காகவே இயக்குநர் அவரைப் பிடித்துப் போட்டார்.

வெளியீட்டுக்கு முன் மலைக்காரர்களுக்கே முதலில் படத்தைக் காட்டுவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். இளைஞர், முதல் படம், வாக்கு என்றால் வாக்கு. ஜமுனாமரத்தூரில் சந்தை கூடும் நாளாகப் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கினோம். சந்தைக்கு வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து உட்கார்ந்தார்கள். நானும் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம், திரைக்கு முதுகைக் காட்டி, முகங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

வேடியப்பன் திரையில் வந்ததும் மண்டபத்தில் கலகலப்பு. "டேய், நம்ம வேடி!" என்று விரல்கள் நீண்டன. அவர் அன்று ஊரில் இல்லை. குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். திரையில் அவர் கொல்லையில் தனியானதும், முன்வரிசையில் ஒரு வாலிபன் எழுந்து நின்று போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்க ஆரம்பித்தான். அவன் குமரேசன், ஜீப் ஓட்டுகிறவன், வேடியப்பன் மனைவியின் தம்பி. சென்னையாக இருந்தால் போனைப் பிடுங்கியிருப்பேன். இங்கே, சொந்த மாமனைத் திரையில் பார்க்கும் சந்தோஷம், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோடாலி விழுந்தது. ஒரு நொடி மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்புறம் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் குமரேசன். அவனுக்குப் பின்னால் மண்டபமே சிரித்தது. வயசான ஒரு அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். பக்கத்திலிருந்து இயக்குநர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். நான் அவர் கையைத் தட்டி, "பின்னாடிதான் சிரிச்சாங்க தம்பி" என்றேன். எனக்கு நிம்மதியாகவே இருந்தது. காட்சி வேலை செய்கிறது.

படம் முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தோம். இயக்குநர் டீயைத் தொடவில்லை. "மேடம், அந்தச் சீனைத் தூக்கிடலாம். சொந்த ஊர்க்காரங்களே சிரிக்கிறாங்கன்னா நான் எடுத்தது கேவலம்தானே?" என்று புலம்பினார். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது குமரேசன் எங்களை நோக்கி ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. போனை என் முன்னால் நீட்டினான்.

"மேடம், அக்கா போன் பண்ணிச்சு. ஓன்னு கத்துது. அப்பறம் டவர் போச்சு. மறுபடி போவமாட்டேங்குது."

அவன் தட்டுத் தடுமாறிச் சொன்னதில் விஷயம் புரிந்தது. திரையில் மாமனைப் பார்த்ததும் அக்காவுக்கு அனுப்பலாம் என்று படமெடுத்திருக்கிறான். திரையின் ஓரம்கூடத் தெரியாத அளவுக்கு முகத்தை நெருக்கிப் பிடித்திருக்கிறான். கோடாலி விழுந்ததும், சிரித்ததும், எல்லாம் பதிவாகிவிட்டது. அவசரத்தில், திருப்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தையும் எழுதாமல் அப்படியே அனுப்பிவிட்டான்.

"அனுப்புனா இன்னாப்பா? வூட்டுக்காரரு நடிச்சது அவங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியாது மேடம். எனக்கே தெரியாது. ஷூட்டிங்குல லைட்டு தூக்கற வேலைன்னுதான் மாமா சொன்னாரு. பொணமா நடிக்கறேன்னா அக்கா வுடுமா? உசுரோட கீற ஆம்பள பொணமாப் படுத்தா ஆவாதுன்னு அழும்."

"சரி, அவருக்கே போன் போடு. அவரே பேசட்டும்."

"நாலஞ்சு நாளா அவுரு போனு ஆஃப்பு மேடம். அக்கா அதுக்கே பயந்துனு இருந்துச்சு."

ஒரு பெண், கணவன் போன் எடுக்கவில்லையே என்ற கவலையில் இருக்கிறாள். அவள் போனுக்கு ஒரு படம் வருகிறது. அதில் அவள் கணவன் கொல்லையில் நிற்கிறான், பின்னாலிருந்து ஒருவன் வெட்டுகிறான், சுற்றி நின்று ஊரே சிரிக்கிறது. எல்லோருக்கும் மேலே அவள் தம்பியின் சிரிப்பு. அந்தக் கொலையை அவ்வளவு நம்பும்படி கோத்தவள் நான். நிஜம் போல இருக்க வேண்டும் என்று எத்தனை தடவை வெட்டி ஒட்டினேனோ, அத்தனையும் இப்போது அந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருந்தது.

"அக்கா அவசரக்காரி மேடம். இன்னா வேணா பண்ணிக்கும்" என்றான் குமரேசன்.

நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். இயக்குநர் பின்னால் தொற்றிக்கொண்டார். மலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் போகும் பாதை அது. ஒரு திருப்பத்தில் டவர் வரும், போனை எடுப்பதற்குள் போய்விடும். குமரேசன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் அக்காவின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தான். "ரோட்டப் பாருப்பா, நீயும் செத்து எங்களையும் சாவடிச்சிடாத" என்று போனை அவனிடமிருந்து வாங்கி நான் அழுத்தினேன். ஒன்றும் போகவில்லை.

பேசாமல் இருந்தால் பயம் அதிகமாகிறது என்று, மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "நீ ஏம்பா சிரிச்ச?"

அவன் ஒரு திருப்பத்தில் ஜீப்பை வளைத்துக்கொண்டே, "தெரியல மேடம். மாமாவப் பாத்து சந்தோசமா நின்னுனு இருந்தேன். வெட்டு வுழுந்ததும் நெஞ்சு திக்குன்னுச்சு. கத்தத்தான் வாயத் தொறந்தேன், சிரிப்பு வந்துடுச்சு. ஏன் வந்துச்சுன்னு இன்னும் தெரியல. மாமா எனக்கு அப்பா மாதிரி மேடம்" என்றான். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

பின்னாலிருந்து இயக்குநர், "சீனைத் தூக்கிடறேன், தூக்கிடறேன்" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே வந்தார். "முதல்ல வாய மூடிட்டு வாங்க தம்பி" என்றேன். எனக்கே அழுகை வரும்போல இருந்தது.

ஊருக்குள் ஜீப் நுழைந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வேடியப்பன் வீட்டு முன் கூட்டம். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிட ஆட்கள் கிளம்பத் தயாராக நின்றிருந்தார்கள். நாங்கள் இறங்கியதும் அழுகை இன்னும் பெரிதாயிற்று. எதற்கு என்று எனக்கு உடனே உறைத்தது. ஒன்றும் நடக்காவிட்டால் வெளியூர் ஆட்கள் எதற்கு ஜீப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள்? எங்கள் வருகையே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது.

வேடியப்பன் மனைவி பொன்னி அழவில்லை. வாசலில், காயப்போட்ட சாமைக்குப் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் போன். அந்த ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். கோடாலி விழும், மண்டபம் சிரிக்கும். அவள் விரல் மறுபடி அழுத்தும், மண்டபம் மறுபடி சிரிக்கும். என் வாழ்க்கையில் எத்தனையோ சத்தங்களைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பைப் போல எதுவும் என்னை நடுங்க வைத்ததில்லை.

குமரேசன் ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டான். "அக்கா, அது சினிமாக்கா. மாமாவுக்கு ஒண்ணும் ஆவல. நடிச்சிக்கீறாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "லைட்டு தூக்கத்தானே போனாரு?"

"நானும் அப்படித்தாங்கா நெனச்சேன். இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அப்போ அவுரு நடிச்சது ஒனக்குத் தெரியாது."

"தெரியாதுக்கா."

"தெரியாமத்தான் சிரிச்சியா?" அவள் குரல் உயரவேயில்லை. "உன் மாமன வெட்டறான். நெசமா பொய்யான்னு ஒனக்கே தெரியாது. அதுக்குள்ள நீ சிரிச்சியாடா?"

கூட்டத்தில் ஒரு பெரியவர், "சினிமான்னா வேடி ஏன் போன எடுக்கமாட்டேங்கறான்? பையன் சிரிக்கறத பாத்தா இவனுக்கும் ஏதோ தெரியும்போலக் கீதே. ஸ்டேசனுக்கு எடுத்துனு போங்க போன" என்றார். இரண்டு பேர் குமரேசனின் பின்னால் வந்து நின்றார்கள். பொன்னி அவர்களைத் தடுக்கவில்லை.

இப்போது உங்கள் தொழில் சம்பந்தமான ஒரு சங்கதி. நம் படப்பிடிப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பிணமாக நடித்தால், காட்சி முடிந்ததும் அவர்களை எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்துவிடுவார்கள். சாவோடு எதுவும் முடியக் கூடாது என்று ஒரு சாந்தி. படத்தில் அது வராது. வேடியப்பனையும் அப்படிச் சிரிக்க வைத்து எடுத்திருந்தார்கள். கழுத்தில் ரத்தச் சாயத்தோடு எழுந்து உட்கார்ந்து, வெட்கப்பட்டுச் சிரிப்பார். வழியெல்லாம் நான் அதை நம்பித்தான் வந்தேன். பொன்னியிடம் அதைக் காட்டிவிட்டால் போதும்.

கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். அந்த ஷாட் இல்லை. மலைக்குக் கொண்டுபோக நகல் எடுத்த உதவியாளர், அது எதற்கு, படத்தில் இல்லாத குப்பைதானே என்று விட்டுவிட்டிருக்கிறார். அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பீர்கள். இனி செய்யாதீர்கள்.

என் கையில் இருந்தது முழுப் படம் மட்டும். அதாவது அந்தக் கொலை. போனில் மங்கலாகத் தெரிந்ததை இன்னும் பெரிதாக, இன்னும் தெளிவாக, அந்தப் பெண்ணுக்குக் காட்டப் போகிறேனா? எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விஷயம் தோன்றியது. அந்தத் துண்டில் அவள் பார்த்தது வெட்டு மட்டும்தான். வெட்டுக்கு முன்னால் என்ன என்று அவள் பார்க்கவில்லை. முன்னால் இருப்பதைக் காட்டினால் அது கதை என்று தெரியும். துண்டாக வந்ததுதான் இங்கே கொலை.

"பொன்னி, நான் கண்ணமங்கலத்துக்காரி, வேத்து ஆளு இல்ல. இந்தப் படத்த ஒட்டிச் சேத்தது நான்தான். முதல்லேர்ந்து பாரும்மா. அப்பறம் என்னை இன்னா வேணா பண்ணு" என்றேன்.

படத்தை ஆரம்பத்திலிருந்து போட்டேன். பாட்டுச் சத்தம் வந்தது, பெயர்கள் வந்தன. வேடியப்பன் கொல்லையில் நின்று கதாநாயகனோடு பேசுகிற காட்சி வந்தது. கதாநாயகனாக நடித்தவர் எல்லா வீட்டு டிவியிலும் வருகிறவர். கூட்டத்திலிருந்த ஒரு பெண், "ஏய், இவுரு ராத்திரி நாடகத்துல வர்ற போலீசு இல்ல?" என்றாள். "ஆமாடி, அவுருதான்!" என்றாள் இன்னொருத்தி. அழுகை நின்றது. குமரேசனுக்குப் பின்னால் நின்ற இருவரும் திரையைப் பார்க்க முன்னால் வந்தார்கள். திரையில் வேடியப்பன் அந்தப் பிரபல முகத்துக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்து, மனப்பாடம் செய்த வசனத்தை ஒப்பித்தார். பொன்னியின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "பேசவே வரல இந்த ஆளுக்கு" என்று முணுமுணுத்தாள்.

இதோடு போதும். நான் நிறுத்துவதற்கு விரலைக் கொண்டுபோனேன்.

"நிறுத்தாதீங்க" என்றாள்.

"வேணாம்மா. அடுத்தது அதான்."

"தெரியும். வுடுங்க."

நான் இயக்குநரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்திருந்தார். நான் விரலை எடுத்துவிட்டேன். அது சரியா தவறா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. வேடியப்பன் கொல்லையில் குனிந்தார். கதிரைக் கையால் தடவினார். பின்னால் நிழல் வந்தது. நான் வழக்கம்போல் திரையைப் பார்க்கவில்லை, பொன்னியைப் பார்த்தேன். அவள் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள்.

கோடாலி விழுந்தது. பொன்னி சிரித்தாள்.

சத்தமாக, ஒரே ஒரு வெடிச் சிரிப்பு. மண்டபத்தில் குமரேசன் சிரித்த அதே சிரிப்பு. சிரித்த மறு நொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் பிதுங்கிவிடும்போல விரிந்திருந்தன. தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவளே திகைத்துப் போயிருந்தாள். திரையில் கொல்லை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

குமரேசன் விசும்பிக்கொண்டே, "எனக்கும் இப்டித்தாங்கா வந்துச்சு" என்றான்.

அவள் அவன் முதுகில் பளார் பளாரென்று அறைந்தாள். அறைந்த கையாலேயே அவன் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. போன் சாமைக்குள் விழுந்து கிடந்தது.

என் குரு சொல்லாமல் விட்ட பாதி இதுதான். பின்னால் வரும் சிரிப்பு வெற்றி என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் சிரித்தவருக்கு அப்புறம் என்ன ஆகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சிரித்தவர்களுக்கு ஈரமில்லை என்று நினைக்காதீர்கள். நெஞ்சு தாங்கவில்லை, அதனால் சிரித்தார்கள். சிரித்துவிட்ட பிறகு அவர்களுக்கு வெட்கம் வருகிறது, அழுகை வருகிறது, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. அதற்கு நாம் இடம் கொடுக்க வேண்டும். நாமோ சிரிப்பு வந்துவிட்டதே என்று பதறி, அடுத்த காட்சிக்கு ஓடிவிடுகிறோம். இயக்குநர் அதன்பிறகு சீனைத் தூக்குவதைப் பற்றிப் பேசவில்லை. நான் சென்னைக்குப் போய் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். வெட்டு விழுந்த பிறகு ஆளில்லாத அந்தக் கொல்லையை இன்னும் கொஞ்ச நேரம் விட்டு வைத்தேன்.

அன்று இருட்டிவிட்டதால் அந்த ஊரிலேயே தங்கினோம். பொன்னி எங்களுக்குச் சோறு போட்டாள், தம்பிக்கு இரண்டு முறை குழம்பு ஊற்றினாள். ஆனால் சாப்பிடும்போதும் அவள் காது வெளியிலேயே இருந்தது. படம் பொய் என்று தெரிந்துவிட்டது, சரி. அந்த ஆள் போன் ஏன் எடுக்கவில்லை? அதற்கு என் மடிக்கணினியில் பதில் இல்லை. "தோட்டத்துல ஆன கீன இருக்குமா மேடம்?" என்று என்னிடம் கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா" என்றேன். எனக்கு என்ன தெரியும்? குடகில் யானை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பாயில் புரண்டுகொண்டே கிடந்தேன். அவளும் தூங்கவில்லை.

விடிந்ததும் ஊருக்கு மேலே இருக்கும் பாறைக்குப் போனோம். ஊருக்குள் வந்து வந்து போகும் டவர் அங்கே நின்றால்தான் நிலையாகக் கிடைக்கும். தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியின் எண்ணை யார் யாரிடமோ கேட்டு வாங்கியிருந்தான் குமரேசன். பல தடவை அடித்தும் எடுக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். பொன்னி முந்தானையைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கடைசியில் யாரோ எடுத்தார்கள். குமரேசன் ஸ்பீக்கரைப் போட்டு, தன் பெயரைச் சொல்லி மாமாவைக் கேட்டான். கொஞ்ச நேரம் இரைச்சல், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். பிறகு தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் வந்தது.

"யாரு, குமரேசா? இன்னாடா காலங்காத்தால? என் போனு தண்ணில வுழுந்துடுச்சுடா."

வேடியப்பன்தான். பொன்னி போனைப் பிடுங்கினாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"பொன்னியா? ஏன் பேசமாட்டேங்கற? அழுவறியா? வூட்ல எல்லாரும் நல்லாத்தானே கீறாங்க?"

"லைட்டு தூக்கனேன்னு சொன்னியே" என்றாள் பொன்னி.

அந்தப் பக்கத்திலிருந்து, "பொணமா நடிக்கறேன்னு சொன்னா வுட்ருப்பியா நீ?" என்றார் மெதுவாக.

"வுட்ருக்க மாட்டேன்!" என்று மலையே கேட்கும்படி கத்தினாள். "இனிமே சாவறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டு சாவு!"

பாறையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். குமரேசன் சிரித்தான், இயக்குநர் சிரித்தார், நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஏன் சிரித்தீர்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் குமரேசனின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.